நோசலை மாற்றினால் தீருமா? கிள்ளான் பள்ளத்தாக்கின் டீசல் கோளாறுகள்

கிள்ளானில் ஒரு பிக்கப் இழுக்கவில்லை என்று வொர்க்ஷாப்பில் விட்டால், சாயங்காலத்துக்குள் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "நோசல் போயிடுச்சு அண்ணே, நாலையும் மாத்தணும்." சில ஆயிரம் வெள்ளி கைமாறும். வண்டியும் பழையபடி பாயும். ஆனால் கொஞ்ச காலம் கழித்து அதே வண்டி அதே கோளாறோடு அதே வாசலில் வந்து நிற்பதும் உண்டு. நோசல் போனது பொய்யில்லை. அது ஏன் போனது என்று யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

கிள்ளான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவர், காப்பார் பக்கம் ஆள் ஏற்றும் தொழிற்சாலை பஸ், பிரிக்ஃபீல்ட்ஸில் விடியுமுன் காய்கறி இறக்கும் மூன்று டன் லோரி, வார நாளில் கட்டுமான வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்கும் போகும் பிக்கப் எல்லாமே டீசலில் ஓடுபவை. இவற்றுக்கு வரும் கோளாறுகளுக்குக் கணக்கில்லை. அவற்றை எண்ணெய், காற்று, எஞ்சின் ஆயில், தண்ணீர், புகை என்று ஐந்து வழிகளாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. விலை கூடிய பாகம் ஒன்று கெடுவதற்கு முன், விலை குறைந்த ஏதோ ஒன்று வெகுநாளாகக் கெட்டுக் கிடந்திருக்கிறது. நாம் பணம் கட்டுவது சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு. முதல் கண்ணி எது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முனகிய எஞ்சினும் முனகாத எஞ்சினும்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, பதினாறு பதினேழு மடங்கு இறுக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ரூடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய இந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மாறியது பீய்ச்சும் முறை.

மலாயா இரயில்வேக்கு இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் 1957-இல் வந்து சேர்ந்தன. செந்தூல் பட்டறையிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் யார்டிலும் வேலை பார்த்த நம்மவர்களில் ஒரு தலைமுறை, நீராவியை விட்டு டீசலைக் கற்றுக்கொண்டது அப்போதுதான். பிறகு 1975 முதல் 1998 வரை கோலாலம்பூர்த் தெருக்களை ஆண்ட மினி பஸ்களும் அதே வகை அறிவில் ஓடியவை. பம்ப் முழுக்க இயந்திரம். டீசல் அழுக்காக இருந்தால் எஞ்சின் தட்டும், கரும்புகை கக்கும், ஆனாலும் வீடு வந்து சேர்க்கும். ஓட்டுநர் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்.

1995-இல் ஜப்பானில் ஹினோ லோரிகளுக்கு டென்சோ நிறுவனம் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. 1997-இல் அது கார்களுக்கும் வந்தது. பழைய நோசல் 200 பார் அழுத்தத்தைச் சுற்றித் திறந்துகொள்ளும். இன்றைய காமன் ரெயில் 1,600 முதல் 2,500 பார் வரை போகிறது. நோசலுக்குள் நகரும் ஊசிக்கும் அதன் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசியே இங்கே உப்புத்தாள் வேலை செய்யும்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஒரு நோசல் தளர்ந்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு, பீய்ச்சும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடுகிறது. ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. சமாளிக்க முடியாத எல்லை வந்ததும் எஞ்சின் லைட் எரிந்து, வண்டி நத்தை வேகத்துக்கு இறங்கும். பழைய எஞ்சின் ஆறு மாதம் முனகிவிட்டுப் படுத்தது. புதியது ஆறு மாதம் மறைத்துவிட்டுப் படுக்கிறது. நம் பராமரிப்புப் பழக்கமோ இன்னும் "சத்தம் வரட்டும், பார்க்கலாம்" என்பதிலேயே இருக்கிறது.

எண்ணெய்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் மலேசிய டீசல் இரண்டு பக்கமாக மாறியிருக்கிறது. கந்தகம் குறைந்தது: யூரோ 2எம் டீசலில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு இருந்த கந்தகம், 2021 ஏப்ரலில் கட்டாயமான யூரோ 5 டீசலில் 10 பங்காக இறங்கியது. செம்பனை பயோடீசல் கூடியது: 2011-இல் புத்ராஜெயாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் 5 விழுக்காட்டுக் கலவையாக (பி5) தொடங்கி, பி7 ஆகி, 2019-இல் போக்குவரத்துக்கு பி10 ஆனது.

"பி10 வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது" என்ற பேச்சு வொர்க்ஷாப்புகளில் தாராளமாகக் கேட்கும். இதில் பாதி உண்மை, பாதி அவசரத் தீர்ப்பு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்புத் தன்மையும் குறையும். டீசலே பம்புக்கு மசகு என்பதால் இது சின்ன விஷயமில்லை. அந்த வழவழப்பைத் திருப்பித் தருவது பயோடீசல். செம்பனையில் செறிவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் சோயா பயோடீசலைவிட இது எளிதில் கெட்டுப்போகாது. பி10-இல் எரிசக்தி இழப்பும் ஒரு விழுக்காட்டைச் சுற்றித்தான்.

தொல்லை வேறு மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது, பயோடீசல் அழுக்கைக் கரைக்கும். பத்து வருடப் பழைய டேங்கின் அடியில் படிந்து கிடந்த கசடைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பிவிடும். இரண்டாவது, அது சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை ஈர்க்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டேங்க் பாதி காலியாக இரவு முழுக்க நின்றால், அந்தக் காலியிடத்துக் காற்றிலிருந்து நீர் கோத்து அடியில் இறங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழுவழுப்பான கருஞ்சேறாக ஃபில்டரை அடைக்கும். மூன்றாவது, குளிர். செம்பனை பயோடீசல் ஏறக்குறைய 15 டிகிரியிலேயே மங்கி உறையத் தொடங்கும். கெந்திங், கேமரன் மலை போன்ற இடங்களில் பி7 விற்கப்படுவது இதனால்தான். கிள்ளானில் நிரப்பிக்கொண்டு மலைக்கு ஏறி, இரவு தங்கும் வண்டிக்கு இது தெரியாது.

சில ஐரோப்பிய நிறுவனங்கள் பி7-க்கு மேல் வேண்டாம் என்கின்றன. ஜப்பானிய பிக்கப்புகள் பலவும் பி10-க்கு ஒத்துக்கொள்கின்றன. யூரோ 5 பி7, பி10-ஐவிட லிட்டருக்கு 20 காசு கூட. கையேட்டில் பி10-க்கு இடமிருந்தால் அந்த 20 காசைச் சேர்த்து வைத்து, டீசல் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றுவது மேல்.

ஒரு போர்மேன் ஃபில்டரையும் நோசலையும் சோதிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் முழுக் கதையும் விளங்கும். முதலில் ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, பழைய மினரல் வாட்டர் போத்தலில் பிடிக்கிறார். அஞ்சு நிமிடம் மேசையில் வைக்கிறார். மேலே தேன் நிற டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவே கருநூல் போன்ற சவ்வு. பிறகு நான்கு நோசல்களின் திரும்புக் குழாய்களைக் கழற்றி, தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, நான்கு சின்னப் போத்தல்களில் விட்டு, எஞ்சினை ஓடவிடுகிறார். மூன்று போத்தலில் டீசல் ஒரே உயரத்தில் ஏறுகிறது. மூன்றாவது சிலிண்டரின் போத்தல் மட்டும் அவற்றைப்போல் இரண்டு மடங்கு. தேய்ந்தது அந்த ஒன்றுதான். தேய்த்தது போத்தலில் தெரிந்த அந்தத் தண்ணீர். "அண்ணே, நாலு நோசல் வேணாம். ஒண்ணு போதும். ஆனா டேங்கைக் கழட்டிக் கழுவலன்னா புதுசும் போயிடும்" என்கிறார். சோதனைக்கான குழாயும் போத்தலும் மலிவானவை. செலவாவது பொறுமை.

காற்று

கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு ஊர்ந்து போகும் பிக்கப்பின் எஞ்சினுக்குள் நடப்பது இது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, இஜிஆர் வால்வு புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்புகிறது. அந்தப் புகையில் கரி இருக்கும். கிராங்க்கேஸிலிருந்து வரும் காற்றோட்டக் குழாயில் ஆயில் ஆவி இருக்கும். இரண்டும் இன்டேக் மேனிஃபோல்டில் சேர்ந்தால் தார். நீண்ட தூரம் ஒரே சுமையோடு ஓடும் எஞ்சினில் இது மெதுவாகவே சேரும். நெரிசலில் ஊர்வதும் சிக்னலில் நிற்பதுமாக வாழும் எஞ்சினில் விரைவாகச் சேர்ந்து, காற்று வரும் வழி நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே போகும்.

டர்போவின் உள்ளே கோணம் மாறும் இறக்கைகள் கரியில் ஒட்டிக்கொள்வதும், இன்டர்கூலர் ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று கசிவதும் இதே குடும்பம். இரண்டிலும் வண்டி இழுக்காது, கரும்புகை வரும். இரண்டுமே நோசல் கோளாறைப் போலவே தோன்றும். மலிவான ஒரு ரப்பர்க் குழாய்க்காக நோசல் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். புகையின் நிறம் ஓரளவு வழிகாட்டும். கருப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கண்ணைக் கரித்தால் எரியாத டீசல். இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர்க் கூலன்ட்.

எஞ்சின் ஆயில்

துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் பிரைம் மூவரில் ஏர்கான் ஓட, எஞ்சினும் ஓடும். மீட்டர் ஓடாது. கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுபவர் இந்த மணிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மணி நேரம் நின்று ஓடுவதை 40, 50 கிலோமீட்டர் ஓட்டமாகக் கணக்கிடும் வழக்கம் லோரித் தொழிலில் உண்டு. அப்படிப் பார்த்தால் 10,000 கிலோமீட்டர் என்று ஒட்டிய ஸ்டிக்கர் பல வண்டிகளில் அர்த்தமற்றது.

சங்கிலி எவ்வளவு நீளமாகப் போகலாம் என்பதற்கு டொயோட்டாவின் பழைய 3.0 லிட்டர் 1கேடி எஞ்சின் நல்ல சாட்சி. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மெக்கானிக்குகள் நன்கு அறிந்த கதை இது. நோசலுக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் இறுக்கம் இழக்கிறது. எரிந்த வாயு கசிந்து ஆயிலோடு கலக்கிறது. ஆயில் தாராகிறது. தார் ஆயில் தொட்டிக்குள் உள்ள உறிஞ்சு வலையை அடைக்கிறது. ஒருநாள் ஆயில் அழுத்தம் விழுந்து, பேரிங்கும் கிராங்க்கும் போகின்றன. தொடங்கியது ஒரு வாஷரில், முடிந்தது எஞ்சினில்.

அபூர்வமானாலும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. டர்போ சீல் மொத்தமாகக் கிழிந்தால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டி என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடிக்கலாம். ஆட்டோ கியர் என்றால் இறங்கித் தள்ளி நிற்பதே நல்லது.

தண்ணீர்

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது இங்கே பழைய பழக்கம். "நம்ம நாட்டுல உறையவா போகுது" என்பது அதற்கு வாதம். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் ஊற்றப்படுவதில்லை. கனரக டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரே தண்ணீரில் நனைகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிரும். அதிர்வில் தண்ணீரில் நுண்குமிழ்கள் தோன்றி, லைனர் மேலேயே உடையும். ஒவ்வொரு உடைப்பும் இரும்பில் ஒரு சிறு கொத்து. கூலன்டில் உள்ள மருந்து லைனர் மேல் ஒரு படலம் கட்டி இந்தக் கொத்தைத் தாங்கும். வெறும் தண்ணீரில் படலம் கிடையாது. காலப்போக்கில் ஊசித்துளை விழுந்து, தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் பால்தேநீர் நிறமாகும்.

வெளியிலிருந்து வரும் தண்ணீர் இன்னும் கொடியது. 2021 டிசம்பர் 18-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைவரை தண்ணீர் ஏறியதை நாடே பார்த்தது. வெள்ளத்துக்கு டீசல் தாங்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலானது. ஸ்பார்க் பிளக் இல்லாததால் நனைந்து நிற்காது என்பது வரை சரி. ஆனால் 2.4 லிட்டர் எஞ்சினின் ஒரு சிலிண்டரில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 40 மில்லிலிட்டர்தான். அதே அளவு பெட்ரோல் எஞ்சினில் இது 60-ஐத் தாண்டும். காற்றை இறுக்கலாம், தண்ணீரை இறுக்க முடியாது. அந்த 40 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் வளைவது கனெக்டிங் ராட். 800 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று ஃபோர்ட் ரேஞ்சருக்குச் சொல்லப்படுவது, தெளிந்த தண்ணீரில் மெதுவாகப் போகும் கணக்கு. எதிரே வரும் லோரி எழுப்பும் அலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மூழ்கிய வண்டியை "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவி திருப்புவதுதான் பல எஞ்சின்களை முடித்துவைக்கும் செயல். நோசலையோ குளோ பிளக்கையோ கழற்றி, தண்ணீரை வெளியே தள்ளிய பிறகே கிராங்க் சுற்ற வேண்டும். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயிலையும் கையோடு மாற்ற வேண்டும்.

புகைக்குழாய்

புதிய மாடல்களில் புகைக்குழாயின் நடுவே கரி வடிகட்டி வந்துவிட்டது. டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை 600 டிகிரியளவு சூட்டில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பங்சாரிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து செந்தூல் என்று பத்துப் பதினைந்து நிமிடச் சவாரி மட்டும் செய்யும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. சூட்டைக் கூட்ட எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே போனால், அதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டாம்.

எல்லாப் பழியையும் உரிமையாளர் மேல் போடுவதும் நியாயமில்லை. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் 2,64,170-இன் டிபிஎஃப் அமைப்பில் வடிவமைப்பிலேயே குறை இருந்ததாக அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அங்கே பிரச்சினை நெரிசலில்கூட இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போதே அது சரியாக வேலை செய்யவில்லை. "நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை" என்று கவுன்டரில் சொல்லப்படும்போது, கேள்வி கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதற்கு இந்த வழக்கு ஆதாரம்.

டிபிஎஃபைக் குடைந்து எடுப்பதும், இஜிஆரை அடைத்துவிட்டு கம்ப்யூட்டரை ரீமேப் செய்வதும் இங்கே குறுக்குவழி. வண்டி பாயும். புகையும் பாயும். டீசல் புகைக்கான 1996-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஹார்ட்ரிட்ஜ் அளவையில் 50-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. சுற்றுச்சூழல் இலாகா சாலையில் நிறுத்திச் சோதிக்கும். வர்த்தக வாகனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையங்கள் பார்க்கின்றன. தனியார் பிக்கப்புக்கு அப்படிக் காலமுறைச் சோதனை கிடையாது. பெயர் மாற்றும் நாள் வரை யாரும் பார்க்காமலே ஓடலாம்.

காசு

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. 80 லிட்டர் டேங்கை நிரப்ப 172 வெள்ளி ஆனது 268 வெள்ளி ஆயிற்று. தகுதியுள்ளவர்களுக்கு புடி மடானி உதவியாக மாதம் 200 வெள்ளியும், தகுதி பெற்ற சரக்கு வண்டிகளுக்கு ஃப்ளீட் கார்டு வழி பழைய விலையும் கிடைத்தன. மானிய டீசல் எல்லை தாண்டிக் கசிந்த கொள்ளையை நிறுத்த இது தேவை என்பது அரசின் வாதம்; அதை மறுப்பது கடினம்.

ஆனால் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு டீசலைத் தள்ளிப்போட முடியாது, வங்கித் தவணையைத் தள்ளிப்போட முடியாது, ஓட்டுநர் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட முடிவது சர்விஸ் ஒன்றைத்தான். ஃபில்டர் அடுத்த மாதத்துக்குப் போகும், ஆயில் அதற்கடுத்த மாதத்துக்கு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவு டீசலும் கை நீட்டும். எண்ணெய் விலை எஞ்சினைக் கெடுப்பது இந்தச் சுற்றுவழியில்தான்.

என்ன செய்யலாம்

வண்டி இழுக்காவிட்டால் பார்க்க வேண்டிய வரிசை, மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கிப் போக வேண்டும். ஏர் ஃபில்டர், இன்டர்கூலர்க் குழாய், டீசல் ஃபில்டர்க் கிண்ணத்துத் தண்ணீர், இஜிஆர், பிறகு ஸ்கேனரில் ரெயில் அழுத்தம், நோசல் திரும்பு அளவு. டர்போவும் நோசலும் பம்பும் கடைசி. நல்ல போர்மேன்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனைக்கு மட்டும் அவர்கள் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். பாகம் மாற்றினால் பேசாமல் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில் பாகம் மாற்றும் வைத்தியமே நடக்கும்.

அரசின் சோதனையும் இதே குறையோடு இருக்கிறது. புகை அளவு கடைசிக் கண்ணியைத்தான் அளக்கிறது. தனியார் பிக்கப்புகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது சோதனைக்குள் கொண்டுவருவதும், டீசல் உதவித் தொகையை சர்விஸ் ரசீதோடு இணைப்பதும் யோசிக்கத்தக்கவை. அதுவரை உரிமையாளர் கையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி. நாலு நோசல் என்று பில் நீட்டும்போது, எந்த நோசல் எவ்வளவு திருப்பியது, ஃபில்டரில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் பில்லும் வேண்டாம்.